கிரகணம் விட்டதும் குளிக்கப் போன ஊர்

நீங்களெல்லாம் சோலாரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்கு என்னைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் முதல் சோலார் பிளான்ட் வந்தபோது, வாய்விட்டுச் சிரித்த அதிகாரி நான்தான். திருப்பதியில் ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று, "மழை வந்தா இவங்க என்ன பண்ணுவாங்க, குடை பிடிப்பாங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆந்திராவில் பிச்சாட்டூருக்கும் நகரிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் நான் மின்சார இலாகாவில் ஏ.இ.யாக, அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினீயராக, இருந்தேன். ஊர் பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். விசைத்தறி ஓடுகிற ஊர். தறி ஓட்டுகிறவர்கள் தமிழ்க் குடும்பங்கள், ஆபீஸில் தெலுங்கு, கடையில் இரண்டும். ஊரைச் சுற்றி வேர்க்கடலை விளைந்த மேட்டு நிலம். அந்த நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராக பெங்களூருக்கும் சென்னைக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். நிலம் சும்மா கிடந்தது. கம்பெனிக்காரன் வந்து குத்தகைக்கு எடுத்தான். கொஞ்ச நாளில் கண்ணுக்கு எட்டிய தூரம் நீலக் கண்ணாடி. பிறகு பக்கத்து மண்டலத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வடமாலபேட்டை பக்கம் வீட்டுக் கூரையெல்லாம் கண்ணாடி ஏறியது.

அதோடு இன்னொரு மாற்றமும் வந்தது. விவசாயத்துக்கு அதுவரை ராத்திரியில்தான் கரென்ட் கொடுப்போம். பாம்புக்கும் சேற்றுக்கும் பயந்துகொண்டு ரைத்துகள், அதாவது விவசாயிகள், மோட்டார் போடப் போவார்கள். பகலில் சூரிய மின்சாரம் பொங்க ஆரம்பித்ததும் விவசாய லைனைப் பகலுக்கு மாற்றினோம். முதல் நாள் ஒரு ரைத்து சப்-ஸ்டேஷனுக்கே வந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். குடை ஜோக் அடித்த வாயில் அந்தப் பழத்தைப் போட்டுக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது.

சோலாரை எதிர்த்தவன் எவ்வளவு சீக்கிரம் சோலார் நிபுணன் ஆகிறான் என்று நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ஒரே வருஷத்தில் நான் ஆனேன். நான் சொல்லப்போவது நிபுணனாக இருந்த காலத்தில் நடந்தது.

ஒரு மார்கழி மாதம், காலை நேரத்தில் சூரிய கிரகணம் வந்தது. நம் பக்கத்தில் சூரியனில் பெரும் பகுதி மறைந்துவிடும் என்றார்கள். மேலே இருந்து உத்தரவு வந்தது: கிரகணத்தின்போது சோலார் உற்பத்தி சரேலென்று விழும், ஒவ்வொரு சப்-ஸ்டேஷனும் அந்த நேரத்தில் லோடை, அதாவது ஊர் இழுக்கிற மின்சாரத்தை, குறைக்க ஒரு திட்டம் போட வேண்டும். நான் உட்கார்ந்து போட்டேன். வளைகோடு, கலர் எல்லாம் வைத்து. என் திட்டம் மிக எளிது. வழக்கமாகக் காலையில் கொடுக்கிற விவசாய கரென்டை அன்று கொடுக்கக் கூடாது. சூரியன் இல்லாத நேரத்தில் அந்த லோடு இருக்காது. கிரகணம் விட்ட நிமிஷம் சூரியன் முழுசாகத் திரும்பி வந்திருக்கும், அப்போது விவசாய லைனை ஏற்றிவிடலாம். மீட்டிங்கில் காட்டினேன். பெரிய அதிகாரி "பாக உந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தத் திட்டத்தில் என்ன ஓட்டை என்று உங்களில் யாருக்காவது இப்போதே தெரிந்திருந்தால், நீங்கள் என்னைவிட நல்ல இன்ஜினீயர். என் மனைவிக்கு அன்று காலையிலேயே தெரிந்திருந்தது. நான் கிளம்பும்போது சமையலறையில் இருந்த தண்ணீர், ஊறுகாய், தயிர் எல்லாவற்றிலும் தர்ப்பை கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கிரகணம் விட்டதும் மோட்டார் போடணும். தலைக்கு ஊத்தி, வீடு கழுவி, அப்புறம்தான் அடுப்பு. அந்த நேரத்துல கரென்ட கிரென்ட பிடுங்கிடாதீங்க."

"உன் மோட்டாருக்காகவா நான் பிளான் போட்டிருக்கேன்? இது கிரிட் விஷயம்" என்றேன்.

"எம்மோட்டார் மட்டும்னு யாரு சொன்னா? தெருவுல எல்லாரும்தான் போடுவாங்க" என்றாள். நான் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன், அது காதில் விழுந்தும் விழவில்லை.

சப்-ஸ்டேஷனில் அன்று டியூட்டியில் இருந்தவன் முனிரத்தினம். ஆபரேட்டர். எந்த லைனை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்கிற சுவிட்சுகள் அவன் கையில்தான் இருக்கும். அன்றைக்கு அவன் லீவு கேட்டிருந்தான். அவன் ஒரே மகள் சுகுணாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. மருமகன் குவைத்தில். ஆஸ்பத்திரிக்கு ஓட வீட்டில் வேறு ஆண் துணை இல்லை. நான் லீவு கொடுக்கவில்லை. கிரகணத்தன்று அனுபவஸ்தன் வேண்டும் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "குழந்தை பொறக்கறதுக்கு நீ என்னய்யா பண்ணப்போற?" என்றும் கேட்டேன். என்னுடைய நகைச்சுவைகளின் தரம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

விடியற்காலையிலேயே சுகுணாவுக்கு வலி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முனிரத்தினம் டியூட்டிக்கு வந்து உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ஆப்ரேசன் பண்ணணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க சார். சம்பந்தியம்மா கிரகணத்துல கத்தி வெக்கக் கூடாதுன்றாங்க. விட்டதும் பண்ணலாம்னு டாக்டரும் ஒத்துக்கினாங்க. கொழந்த நாடி கொறஞ்சா மட்டும் காத்துக்கினு இருக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"சுகுணா பாப்பா என்ன சொல்லுச்சு?"

"நைனா, நீ வந்துடுவேல்லன்னு கேட்டுச்சி சார்."

நான் பேச்சை மாற்றினேன். கிரகணம் பிடித்தது. வெளிச்சம் மங்கலாகி, வெயில் சாயங்கால வெயில் மாதிரி ஆனது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. கோயில் கதவுகள் சாத்தியிருந்தன, திருமலையிலும் சாத்தியிருந்தார்கள், காளஹஸ்தியில்தான் திறந்திருப்பார்கள். நான் பகுத்தறிவுவாதி என்று காட்ட, கொண்டுபோயிருந்த இட்லியைப் பிரித்து முனிரத்தினத்தின் எதிரிலேயே சாப்பிட்டேன். "நீயும் துன்னுய்யா" என்றேன். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மீட்டரில் அதிசயம் நடந்தது. சோலார் விழுந்தது, நான் சொன்னபடியே. ஆனால் அதோடு சேர்ந்து ஊரின் லோடும் விழுந்தது. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, தறி இல்லை, கீசர் இல்லை. ஒரு வீட்டில் ஃபேன்கூட ஓடவில்லை போலிருந்தது. ஊரே என் திட்டத்துக்கு ஒத்துழைக்கிறது என்று நினைத்துப் பூரித்துப் போனேன். விவசாய லைனை அப்போது கொடுத்திருந்தால் தாராளமாகத் தாங்கியிருக்கும். காலியாக இருந்த நேரத்தில் கொடுக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, கூட்டம் வரப்போகிற நேரத்துக்குத் தள்ளியிருக்கிறேன் என்று அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

கிரகணம் விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா போன் பண்ணினார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார்.

"ஏ.இ. காரு, கிரகணம் விட்டதும் பாப்பாவ தியேட்டருக்குள்ள எடுத்துனு போறேன். எங்க ஜெனரேட்டர் ரிப்பேர். மெக்கானிக் நகரியிலருந்து வரணும், கிரகணம்னு அவனும் வர்ல. லைட்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேட்டரி இருக்கு. கரென்ட் போனிவ்வகண்டி, ப்ளீஸ்."

கரென்டைப் போக விடாதீர்கள் என்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், சூரியனுக்கே பிளான் போட்டு வச்சிருக்கேன். நீங்க நிம்மதியா கத்தியை எடுங்க" என்றேன். முனிரத்தினம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தேன்.

கிரகணம் விட்டது. அதே நேரத்தில் கிழக்கேயிருந்து ஒரு மேகக் கூட்டம் வந்து சூரியன்மேல் உட்கார்ந்தது. ராகு விட்டதும் மேகம் பிடித்துக்கொண்டது. சோலார் மீட்டர் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் திட்டம் திட்டம்தான் என்று, "விவசாய லைனை ஏத்து" என்றேன்.

நம் ரைத்துகளிடம் ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரில் ஆட்டோ வைத்திருப்பார்கள். கரென்ட் வந்தால் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும், ஆள் போக வேண்டியதில்லை. காலையிலிருந்து காத்துக்கிடந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பின. அதே நிமிஷம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் போட்டார்கள், கீசர் போட்டார்கள், வீடு கழுவினார்கள், பழைய சாதத்தைக் கொட்டிவிட்டுப் புதுசாக மாவு அரைத்தார்கள். தறிக்காரர்கள் தறிக்கொட்டகையைக் கழுவித் தேங்காய் உடைத்து ஸ்டார்ட் செய்தார்கள். மீட்டர் முள் ஒரு பக்கமாகப் படுத்தது. டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் ஒரு கணம் கனத்தது, பிறகு நின்றது. எல்லாம் டிரிப். மொத்த சப்-ஸ்டேஷனும் போய்விட்டது.

"ஏத்துய்யா!" என்று கத்தினேன். விவசாய லைனை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. முனிரத்தினம் ஏற்றினான். உடனே மறுபடியும் டிரிப்.

போன் அடித்தது. டாக்டரம்மா. குரல் நிதானமாகத்தான் இருந்தது, அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"வயித்தத் தொறந்துட்டேன். கொழந்த இன்னும் வெளிய வர்ல. ரத்தம் உறியுற மிஷின் நின்னுபோச்சி, துணியால ஒத்திக்கினு இருக்கோம். பேட்டரி ரொம்ப நேரம் வராது. எப்ப வரும்?"

"இதோ மேடம்" என்றேன். அந்த 'இதோ'வுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

என் முதல் அதிகாரியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஊரே இருட்டில் கிடந்து எல்லோரும் அவரைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தால், அவர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பார். குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. அவரிடம் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதையும் பாதிதான் கற்றுக்கொண்டேன். சர்வீஸ் முழுக்க நிறையத் தண்ணீர் குடித்தேன், பேச்சை நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தண்ணீரையும் குடித்து, வாயையும் மூடிக்கொண்டு யோசித்தேன்.

விவசாய லைனும் வேண்டாம், தறி லைனும் வேண்டாம். டவுன் லைன் ஒன்று போதும், ஆஸ்பத்திரி அதில்தான் இருக்கிறது. ஆனால் டவுன் லைனை மட்டும் ஏற்றினாலும் நிற்காது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டபடியே ஊர் முழுக்கக் காத்திருக்கிறது. ஏற்றின வினாடியில் அத்தனையும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு தடவை டிரிப் ஆனால், டிரான்ஸ்பார்மரைச் சோதிக்காமல் ஏற்றக் கூடாது. சோதிக்கிற ஆட்கள் திருப்பதியிலிருந்து வர வேண்டும். அதுவரை சுகுணா தாங்க மாட்டாள்.

ஒரே வழி, டவுன் லைனைப் பாதியில் வெட்டுவது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு பெரிய சுவிட்ச் உண்டு, கீழே நின்று கைப்பிடியை இழுத்தால் மேலே லைன் இரண்டாகப் பிரியும். ஆஸ்பத்திரி சப்-ஸ்டேஷன் இருக்கிற இந்தப் பக்கம். குளிக்கிற ஊரில் பெரும்பாதி அந்தப் பக்கம். லைன்மேனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நானே போவதென்று முடிவு செய்தேன்.

"முனி, எல்லா லைனையும் இறக்கி வை. நான் போன் பண்ற வரைக்கும் எதையும் தொடாதே."

"சார், டவுன் லைன மட்டும் ஒரே ஒரு தபா ஏத்திப் பாக்கறேன் சார். நின்னாலும் நிக்கும்."

"நிக்காது."

"எம் பொண்ணு சார் அங்க கீது."

"தெரியும்யா. அதுக்குத்தான் சொல்றேன். தொடாதே."

அவன் பார்வை டவுன் லைன் சுவிட்சின்மேலேயே இருந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தப் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். தெருவுக்குத் தெரு ஈரத் துணியோடு ஜனங்கள். தலை நிறைய சோப்பு நுரையும் மூடிய கண்ணுமாக ஒரு ஆள் வாசலுக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டர் சத்தத்தை வைத்தே என்னைக் கண்டுபிடித்து, "ஏ.இ. சார்! கண்ணு எரியுது சார், கரென்ட் எப்ப வரும்?" என்று கத்தினார். "மூடிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். இன்னொரு வீட்டில், "கிரகணத்துல ஒழுங்கா இருந்த கரென்ட், கிரகணம் விட்டதும் போவுதே, இவன் இன்னா ஆபீசரு?" என்றார்கள். நியாயமான கேள்வி.

லைன்மேன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அவனும் குளித்துக்கொண்டிருந்தான், வேறு என்ன. சுவிட்சின் பூட்டுச் சாவி அவனிடம்தான். இடுப்பில் ஈரத் துண்டோடு, சாவியும் கையுமாக ஓடிவந்தான். பூட்டைத் திறந்து அப்படியே கைப்பிடியைப் பிடிக்கப் போனான்.

"கை வைக்காதே!"

"லைனுதான் செத்துக் கெடக்குதே சார்."

செத்துத்தான் கிடந்தது. ஆனால் அதற்கு உயிர் கொடுக்கிற சுவிட்சின் முன்னால், மகளை ஆபரேஷன் மேஜையில் விட்டுவிட்டு வந்த ஒரு தகப்பன் நின்றுகொண்டிருந்தான். நான் அவனை நம்பவில்லை. அதுதான் உண்மை. சுவிட்ச் பாதி திறந்திருக்கும்போது அவன் ஏற்றினால் தலைக்கு மேலே நெருப்புப் பந்து வெடிக்கும். ஈர உடம்போடு நிற்கிறவனை அதற்குக் கீழே நிறுத்த முடியாது. லைன்மேனுக்கும் இரண்டு குழந்தைகள். கையுறையைக் கொண்டுவரச் சொல்லி நானே மாட்டிக்கொண்டேன்.

நான் அந்த மாதிரிக் கைப்பிடியைப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தேன், அசையவில்லை. முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டேன். அதிகாரி ஆன பிறகு நான் சேர்த்துவைத்த தொப்பை முதல் முறையாக இலாகாவுக்குப் பயன்பட்டது. ஆனால் உண்மையில் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. இப்போது ஏற்றிவிடாதே, இப்போது ஏற்றிவிடாதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். டமாரென்று கைப்பிடி இறங்கியது. மேலே லைன் பிரிந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். டாக்டரம்மாவின் பேட்டரி என் கண்முன்னால் தீர்ந்துகொண்டிருந்தது. இந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டானா என்று நினைத்தேன். ஒருவழியாக எடுத்தான், மூச்சு வாங்கியது.

"தூங்கறியாய்யா? டவுன் லைன ஏத்து!"

"இதோ சார். ஒரு நிமிசம்."

"என்னய்யா ஒரு நிமிஷம்?"

போனை வைத்துவிட்டான். ஒரு நிமிஷத்துக்குமேல் ஆனது. பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் பச்சை போர்டு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைந்துவிடுமோ என்று கண்ணைச் சிமிட்டவும் பயமாக இருந்தது. அணையவில்லை.

ஆபரேஷன் முடியும்வரை அந்தக் கம்பத்தடியிலேயே காவல் நின்றேன். நகர்ந்தால் யாராவது வந்து கைப்பிடியை ஏற்றிவிடுவார்கள். பாதி ஊர் வந்து என்னைத் திட்டியது. ஈரத் தலையோடு, சோப்போடு, வாயில் போட்ட பற்பசையோடு வந்து திட்டினார்கள். ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு விஷயம் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் அடங்கிப் போனார்கள், இரண்டு பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். என் வீடு வெட்டுப்பட்ட பாதியில் இருந்தது. மனைவி போன் பண்ணினாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அடுப்பு பத்த வைக்கல. காலைலயே சொன்னேனா இல்லயா?"

"சொன்னே" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு சுருக்கமாக நான் பதில் சொன்னதில்லை.

டாக்டரம்மாவின் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, எல்லோரிலும் குளிக்காதவன் நான் ஒருவன்தான்.

பிறகு ஒவ்வொரு லைனாக, ஆட்களை அனுப்பி ஆட்டோவை எடுக்கச் சொல்லி, மெல்ல மெல்ல ஏற்றினோம். மதியத்துக்குமேல் மேகம் கலைந்து, சோலார் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வந்தது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சூரியன் எப்போது மறையும், எப்போது வரும் என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருந்தது. ஊர் எப்போது குளிக்கும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பிறந்ததிலிருந்து நானும் கிரகணம் விட்டதும் குளிக்கிறவன்தானே. இன்ஜினீயர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது லோடு என்று தெரியாமல் போய்விட்டது. நீங்கள் இனிமேல் எத்தனையோ கணக்குப் போடுவீர்கள். போடுங்கள். போட்டுவிட்டு வீட்டில் ஒருமுறை காட்டுங்கள்.

சாயங்காலம் டியூட்டி மாறினதும் முனிரத்தினம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நானும் போயிருந்தேன். சம்பந்தியம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சிட்டுதான வந்தீங்க?" என்று கேட்டார். பொய் சொல்லத் தைரியம் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். முனிரத்தினம் உள்ளே போய் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"அங்க படுத்துக்கினு இருந்தது உங்க பொண்ணா இருந்தா, ஏத்தாம இருந்திருப்பீங்களா?"

இலாகா விதிமுறையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை.

"ஏத்தியிருப்பேன் முனி" என்றேன்.

"எனக்கும் கை ஓடிச்சி சார். ரெண்டு தபா சுவிட்ச் கிட்ட போயிட்டேன். நிக்க முடியல. அதான் கன்ட்ரோல் ரூம வெளிய பூட்டி, சாவிய வேலிமுள்ளுல தூக்கிப் போட்டுட்டேன். நீங்க போன் பண்ணப்ப அதத்தான் தேடிக்கினு இருந்தேன்."

கையை நீட்டிக் காட்டினான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் முள் கிழித்து, ரத்தம் காய்ந்து கிடந்தது. அந்தக் கையோடுதான் பேத்தியை வாங்கியிருக்கிறான். இவனை நம்ப முடியாது என்று நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவனும் தன்னை நம்பாமல்தான் இதைச் செய்திருக்கிறான். அந்தக் கையோடு தேடிக்கொண்டிருந்தவனைத்தான் நான் தூங்கறியா என்று கேட்டிருந்தேன்.

எதையாவது பேச வேண்டுமே என்று, "சாவி கெடைக்காமப் போயிருந்தா?" என்று கேட்டேன்.

முனிரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கும் நீங்கதான் சார் பிளான் போட்டு வெச்சிருக்கணும்" என்றான்.